மலையில் வளர்ந்தவனுக்குக் கொழும்பு மரதன் லேசா?

தலவாக்கலை ஓடி:
சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் கோயிலடியிலிருந்து ஸ்டோர் வரை ஓடிவிட்டு வந்தாலும் நம்ம ஊரில் அதற்கு மரதன் என்றுதான் பெயர். நான் சொல்வது அதை இல்லை. 42.195 கிலோமீட்டர், கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வரை.

ஆறு மாதம் ரதல்ல வீதியில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்தேன். "மலைக்காற்றுக் குடிச்ச நெஞ்சு, கீழே போனால் பறப்பாய்" என்று சொல்லாத ஆள் இல்லை. ஜா-எல வரைக்கும் பறந்தேன்தான். கட்டுநாயக்க நெருங்கும்போது தொடை இரண்டும் மரக்கட்டை. 32 கிலோமீட்டரிலிருந்து நடை. ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடித்தும் தலை சுற்றல், வாந்தி வருகிற மாதிரி. விரல் வீங்கி மோதிரம் சுழலவே இல்லை. முடித்தபோது 5 மணி 12 நிமிடம்.

அதனால் சொல்கிறேன்: மலையகத்தானுக்குப் பிறவியிலேயே ஓட்டம் வரும் என்பது நாமே நமக்குச் சொல்லிக்கொள்ளும் பொய். அதை நம்பிப் பிள்ளைகளைக் கீழே அனுப்பாதீர்கள்.

மஸ்கெலியாக்காரன்:
மச்சான், ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். குமார் சண்முகேஸ்வரன் எங்கிருந்து போய் 5,000, 10,000 மீட்டரில் நாட்டுக்காக ஓடினார்? நம்ம மலையிலிருந்துதானே? கென்யாக்காரர்கள் பயிற்சி எடுக்கிற இட்டென் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவர்களுக்கு மலை உதவுகிறது, நமக்கு மட்டும் உதவாதா?

ஒன்று மட்டும் சொல்லு. பாதித் தூரம் எத்தனை நேரத்தில் ஓடினாய்?

தலவாக்கலை ஓடி:
2 மணி 5 நிமிடம்.

மஸ்கெலியாக்காரன்:
மிச்சப் பாதி 3 மணி 7 நிமிடம். கணக்கு முடிந்தது. முதல் பாதியில் மண்டைக்கனத்தோடு ஓடிவிட்டு மலையைக் குறை சொல்கிறாய்.

பழைய விளையாட்டு சேர்:
இரண்டு பேரும் பாதி சரி, தம்பிமாரே.

இட்டெனோடு நம்மை ஒப்பிட வேண்டாம். தலவாக்கலை கிட்டத்தட்ட 1,200 மீட்டர். நுவரெலியாவே 1,868தான். இரத்தத்தில் ஒட்சிசன் சுமக்கும் சிவப்பணுக்கள் கணிசமாகக் கூடுவதற்குப் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேலே வாரக்கணக்கில் இருக்க வேண்டும். அங்கே பிறந்து, தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய், அதற்கு மேல் பல வருடம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவர்கள் அவர்கள். ஆறு மாத ரதல்ல அதற்கு ஈடாகாது.

ஆனால் தம்பியை விழுத்தியது வேறு. ரதல்லவில் வியர்வை காற்றில் காய்ந்து உடம்பைக் குளிரவைக்கும். கொழும்புப் புழுக்கத்தில் காயாது, ஒழுகி நிலத்தில்தான் விழும். உடம்பு சூடாகிறது, தோலைக் குளிரவைக்க இரத்தம் அங்கே ஓடுகிறது, காலுக்குக் குறைகிறது. வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் தேவை. பழகினால் சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பும் குறையும். எத்தனை நாள் முந்திப் போனீர்கள்?

தலவாக்கலை ஓடி:
முதல் நாள் பின்னேரம் பஸ்ஸில், சேர்.

பழைய விளையாட்டு சேர்:
அப்புறம் என்ன.

பண்டாரவளை–லண்டன்:
சேர் சொல்வதற்கு என் காலே சாட்சி. லண்டன் மரதன் இரண்டு தடவை ஓடியிருக்கிறேன். 2017இல் நல்ல குளிர், பண்டாரவளை மார்கழி மாதிரி. 2018இல் 24.1 பாகை, அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதிக வெப்பம். ஆள் ஒன்று, பயிற்சி ஒன்று, ஆனால் 40 நிமிடம் கூடிப்போனது. 24 பாகை நம்ம ஆட்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆறு மாதம் குளிரில் பழகிய உடம்புக்கு அது அடுப்பு.

வெயிலை விடக் கொடுமை ஒன்று உண்டு. டவர் பாலம் தாண்டி வலப்பக்கம் திரும்பும்போது பாதித் தூரம். வீதியின் எதிர்ப்பக்கத்தில் 35ஆவது கிலோமீட்டரைத் தாண்டியவர்கள் வந்துகொண்டிருப்பார்கள். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் போகும்.

கொழுந்துக்கூடை:
எல்லாரும் விஞ்ஞானம் பேசுகிறீர்கள், யாரும் காசைப் பேசவில்லையே. பதிவுக் கட்டணம், பஸ், கொழும்பில் தங்க ஒரு ரூம். என் தம்பி வாங்கிய சப்பாத்து 27,000 ரூபாய். ஒரு நாள் பேருக்கு, அதுதான் நாட்கூலிக்கு, அப்போதைய 1,350 என்று வைத்தால் அம்மாவின் இருபது நாள் பேர் அவன் காலில் கிடக்கிறது. அம்மா கொழுந்துச் சாக்கோடு தினமும் மலை ஏறி இறங்குகிறார். அவருக்கு யார் மெடல் போட்டார்கள்?

தலவாக்கலை ஓடி:
அக்கா, அந்த அம்மா இத்தனை வருடம் ஏறியது பிள்ளை விருப்பப்பட்டு ஓடட்டும் என்றுதானே? கொழும்பு ஆள் 30,000க்கு சப்பாத்து வாங்கினால் ஆரோக்கியம், நம்ம பிள்ளை வாங்கினால் திமிரா?

கொழுந்துக்கூடை:
திமிர் என்று நான் சொல்லவில்லை. அவன் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். அம்மாவிடம் கேட்டதுதான் வலிக்கிறது. சரி, இது எங்கள் வீட்டுச் சண்டை, விடுங்கள்.

மஸ்கெலியாக்காரன்:
நான் இன்னும் விடவில்லை. சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக 5,000 படிக்கு மேல் ஏறி இறங்கினால் மறுநாள் கொழும்புக்காரன் கக்கூஸில் குந்த முடியாமல் அழுவான். நான் அடுத்த நாளே வேலைக்குப் போவேன். இந்தக் கால் பலம் ஓட்டத்துக்கு உதவாது என்றால் எப்படி?

பழைய விளையாட்டு சேர்:
உதவும். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும், நோவு வருவது அதில்தான். அதற்கு நாம் பழகியவர்கள். ஆனால் மலைப்பாதையில் ஏற்றத்துக்கு ஒரு தசை, இறக்கத்துக்கு ஒரு தசை, மாறி மாறி ஓய்வு கிடைக்கும். நீர்கொழும்பு வீதி தட்டை. ஒரே தசை, ஒரே எட்டு, நாலைந்து மணித்தியாலம். மாதம் இரண்டு தடவையாவது தட்டையில் நீளமாக ஓடிப் பழக வேண்டும். நம்ம பக்கம் அதற்கு இடம் தேடுவதே பெரும் பாடு. விளையாட்டு மைதானத்தைச் சுற்றினால் தலைதான் சுற்றும்.

தாதி அக்கா:
தம்பி, அந்த மோதிரத்தை யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் போதாமல் விழுந்தீர்கள் என்று நினைக்கிறீர்களா?

தலவாக்கலை ஓடி:
அப்படித்தான் நினைத்தேன், அக்கா. அதனால்தான் முடித்த பிறகும் ஒன்றரை லீற்றர் குடித்தேன்.

தாதி அக்கா:
ஐயோ. நல்ல காலம் தப்பினீர்கள்.

2002 பொஸ்டன் மரதனில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தை முடிவிடத்தில் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களுக்கும் நாலு மணிக்கு மேல் எடுத்தவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம். மெதுவாகப் போகிறவர் எல்லா மேசையிலும் நின்று குடிக்கிறார், சிறுநீரகம் அந்த வேகத்தில் வெளியேற்றாது, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகிறது. அது மூளை வீங்கும் அளவுக்கும் போகலாம். விரல் வீக்கம் கையைத் தொங்கப்போட்டு ஓடுகிறவர்களுக்கும் வரும், அதனால் உங்களுக்கு இதுதான் என்று நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன். ஆனால் வீக்கமும் வாந்தியும் தலைச்சுற்றும் சேர்ந்து வந்தால் மேலும் தண்ணீர் குடிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தாகம் எடுத்தால் குடியுங்கள், மேசையைப் பார்த்தவுடன் அல்ல.

மஸ்கெலியாக்காரன்:
பார்த்தாயா? மலை இல்லை, தண்ணி.

தலவாக்கலை ஓடி:
நீ முதலில் சொன்னது வேகம். இப்போது தண்ணியா?

பழைய விளையாட்டு சேர்:
சண்டையை நிறுத்துங்கள். வரும் ஞாயிறு 20 கிலோமீட்டர் ஓடுங்கள். ஓடுமுன் ஒரு தடவை, ஓடிய பிறகு ஒரு தடவை எடை பாருங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் பரவாயில்லை. கூடியிருந்தால் அக்கா சொல்வது சரி.

தலவாக்கலை ஓடி:
வீட்டில் தராசு இல்லை, சேர். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் இருக்கிறது.

கொழுந்துக்கூடை:
அங்கே போகாதே தம்பி. தண்ணிக்கென்று 2 கிலோ கழித்துத்தான் எழுதுவார்கள்.