மால்டோ மலைக்குக் குடும்பத்தோடு போகிறோம்: வீடு, காய்ச்சல், பிள்ளைகள் படிப்பு

எஸ்தர்_ஜெ:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இவருக்கு ஜார்க்கண்டில் சாகிப்கஞ்ச் மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றை மிஷனரிப் பணித்தளமாகக் கொடுத்திருக்கிறார்கள். சௌரியா பஹாரியா மக்கள், மால்டோ பேசுகிறவர்கள். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று. மழை முடிந்ததும் கிளம்ப வேண்டும். இவர் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஊர் ரொம்ப அழகு என்கிறார். தண்ணீர் எங்கே, அடுப்பு எங்கே என்றால் பதில் இல்லை. அங்கே பிள்ளைகளோடு இருந்தவர்கள் சொல்லுங்கள். காய்ச்சலைப் பற்றி ஆளுக்கு ஆள் பயமுறுத்துகிறார்களே, உண்மையா? பையன் படிப்புக்கு என்ன வழி? எதை எடுத்துப் போவது, எதை விடுவது?

மலையம்மா:
தங்கச்சி, ஆம்பிளைகள் ஊர் பார்த்துவிட்டு வந்தால் அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள் பாகுர் மாவட்டம் லிட்டிபாரா மலையில் பிள்ளைகளோடு இருந்தவர்கள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் ஊழியம், அறிக்கை, போட்டோ எதுவும் வேண்டாம். வீட்டை நிலைநிறுத்து, மொழியைப் படி. தலைமை அலுவலகம் அவசரப்படுத்தினால் உன் வீட்டுக்காரத் தம்பி பதில் சொல்லட்டும்.

பஹாரியா ஊர் மலைமேல் இருக்கும், ஊற்று கீழே இருக்கும். கோடையில் சுரக்கச் சுரக்கக் காத்திருந்து கிண்ணத்தால் மொண்டு குடத்தில் ஊற்றவேண்டும். ஆள் வைத்துத் தண்ணீர் எடுக்காதே, நீயே போ. அந்தக் காத்திருப்பில்தான் எனக்கு மொழி வந்தது. யார் மருமகள், யார் வீட்டில் மக்காச்சோளம் தீர்ந்தது, யார் வட்டிக்காரனிடம் மாட்டிக்கொண்டாள், எல்லாம் அங்கேதான் பேசுவார்கள். துரோசே என்ற ஜெர்மன் மிஷனரி 1884-இலேயே மால்டோ இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார். தம்பி அதை வைத்துப் படிக்கட்டும், உனக்கு ஊற்றடி போதும். திராவிட மொழிதானே, சட்டென்று வந்துவிடும் என்று மட்டும் நம்பாதே. வராது.

காய்ச்சல் உண்மைதான். இரண்டு விதமாக வரும். மலேரியாவில் ஃபால்சிபேரம் என்ற கொடிய வகை என்றால் பிள்ளைகளுக்கு ஓரிரு நாளிலேயே மூளைக்கு ஏறிவிடலாம். அதனால் உடம்பு சுட்டால் அன்றைக்கே சஹியாவிடம் போய் விரலில் குத்திப் பார்த்துவிடு. அங்கே ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷாவைச் சஹியா என்பார்கள். ஜெபம் பண்ணிக்கொண்டே நடக்கலாம், அதற்காக நடக்காமல் இருக்காதே. இன்னொன்று காலா அசார். காய்ச்சல் இரண்டு வாரம் தாண்டி, வயிற்றில் இடது பக்கம் மண்ணீரல் வீங்கினால் அதுவாக இருக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். அதைப் பரப்புவது மணல் ஈ. ஈரமான மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுக்கொட்டிலிலும் இருக்கும், சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள்ளே புகுந்துவிடும். ரொம்ப நெருக்கமான வலை வாங்கு. பிள்ளைகளைத் தரையில் படுக்கவைக்காதே.

இந்த ஈயைக் கொல்லச் சுவருக்கு மருந்து அடிக்க அரசாங்க ஆட்கள் வருவார்கள். வீட்டுக்குள் எல்லா அறையையும் திறந்து விடு. அடித்தபின் சுவரில் மண் பூசினால் மருந்து போச்சு. பக்கத்து வீட்டுப் பெண், புது மனுஷிக்கு உதவுகிறேன் என்று ஒரு வாளி சேற்றோடு வந்து நிற்பாள். சிரித்துக்கொண்டே வந்து, உன் சுவர் வெடித்திருக்கிறதே என்பாள். மனம் நோகாமல் சொல்லத் தெரிய வேண்டும். மொழி படி என்றது இதற்கும்தான்.

குக்கர் கட்டாயம் கொண்டு போ, விறகும் தண்ணீரும் மிச்சமாகும். சூரியசக்தி விளக்கு, பிள்ளைகளுக்கு மூடிய செருப்பு. கிரைண்டர், மிக்சியை அம்மா வீட்டில் வை. மக்காச்சோளக் கஞ்சியும் பர்பட்டிப் பயறும் பழகிவிடும்.

பையன் விஷயம் எனக்கு எழுதக் கை வரவில்லை. மிஷனரி பிள்ளைகளுக்கென்று டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா இருக்கிறது, நிறையப் பேர் அங்கேதான் விடுகிறார்கள். என் மகனும் விடுதியில்தான் வளர்ந்தான். லீவுக்கு வந்தால் என்னோடு தமிழில் இரண்டு வார்த்தை, உடனே வெளியே ஓடிப்போய் மால்டோவில் சண்டை. எங்களால் இரண்டு வருஷம் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருக்க முடியும். உன் பிள்ளைக்கு ஏழுதான். யோசி.

பழைய_புல்லட்:
அக்கா சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே நிலம் வாங்கும் பேச்சே எடுக்காதீர்கள். அந்தப் பகுதி நிலம் வெளியார் கைக்குப் போகாமல் தடுக்க 1949-ஆம் வருஷத்துச் சந்தால் பர்கானா குத்தகைச் சட்டம் இருக்கிறது. மாஞ்சி என்கிற ஊர்த்தலைவர் சம்மதத்தோடு, ஊரார் காட்டுகிற வீட்டில் இருங்கள். 2017-இல் ஜார்க்கண்ட் மதச் சுதந்திரச் சட்டமும் வந்துவிட்டது. வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ மதம் மாற்றினால் மூன்று வருஷம் வரை சிறை, பழங்குடியினர் என்றால் நான்கு. மாத்திரை, துணி கொடுப்பதையும் ஆசைகாட்டல் என்று புகார் எழுதலாம். மருந்துப்பெட்டி வைத்துக்கொண்டு டாக்டர் ஆகாதீர்கள், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

வழிப்போக்கன்:
நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. நேராகவே கேட்கிறேன். அந்த மக்கள் உங்களைக் கூப்பிட்டார்களா?

மலையம்மா:
கூப்பிடவில்லை. எங்கள் ஊர் மாஞ்சி முதல் நாளே, எப்போது போவீர்கள் என்றுதான் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கீழே இருந்து ஏறி வந்தவன் எல்லாம் பர்பட்டியையும் சபாய் புல்லையும் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு, கடன் கணக்கை விட்டுவிட்டுப் போனவன். நாங்கள் வேறு என்று வாயால் சொல்லி அவர் நம்பவில்லை. அவர் பேரனுக்கு மலேரியா வந்தபோது கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கினோம். அப்புறமும் அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை, தம்பி. ஆனால் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.

எஸ்தர்_ஜெ:
ரொம்ப நன்றி அக்கா. கட்டில் இங்கிருந்தே அனுப்பவேண்டுமா?

மலையம்மா:
வேண்டாம்மா. ஹவுராவில் வண்டி மாறும்போது சாமானைப் பார்ப்பதா, பிள்ளைகளைப் பார்ப்பதா? கீழே வாரச் சந்தையில் கயிற்றுக் கட்டில் கிடைக்கும். வலையை மட்டும் இங்கேயே வாங்கிவிடு.