சிவப்புக் கோடு இல்லை, ஆனாலும் பிழை இருக்கிறதாம்: ஸ்பெல் செக்கரில் என்ன கோளாறு?

பிழைதேடி:
வேர்டில் ஆங்கில அறிக்கை எழுதுகிறேன். ஸ்பெல் செக் ஓட்டி, சிவப்புக் கோடு இல்லை என்று பார்த்த பிறகுதான் அனுப்புவேன். அப்படியும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். இழப்பதைச் சொல்லும் 'லூஸ்'-இல் ஒரு ஓ அதிகம், 'இட்ஸ்'-இல் வேண்டாத அபாஸ்ட்ரபி, 'மேனேஜர்'-இல் நடு ஏ விடுபட்டு 'மேஞ்சர்'. செட்டிங் ஏதாவது மாற்ற வேண்டுமா?

வரிவாசகன்:
கோளாறு இல்லை. சொல் அகராதியில் இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும், இடத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காது. மேஞ்சர் என்றால் மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி. அப்படி ஒரு சொல் இருப்பதால் பேசாமல் விட்டுவிடுகிறது.

ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங் போய், இலக்கணப் பகுதியின் செட்டிங்ஸைத் திறங்கள். புதிய பதிப்புகளில் 'காமன்லி கன்ஃபியூஸ்டு வேர்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும், டிக் செய்யுங்கள். சிலவற்றைப் பிடிக்கும். எல்லாவற்றையும் பிடிக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

அரைப்புள்ளி:
மேஞ்சருக்கு வேறு வழி உண்டு. விண்டோஸில் 'யூபுரூஃப்' என்ற ஃபோல்டரைத் தேடுங்கள். அதற்குள் 'எக்ஸ்குளூட் டிக்ஷனரி' என்று தொடங்கும் கோப்புகள் இருக்கும். 0409 என்று முடிவது அமெரிக்க ஆங்கிலத்துக்கு, 0809 பிரிட்டிஷுக்கு. நோட்பேடில் திறந்து, வரிக்கு ஒரு சொல்லாகச் சிறிய எழுத்தில் அடித்து சேமியுங்கள். வேர்டை மூடித் திறந்தால் அந்தச் சொல்லுக்கு எப்போதும் சிவப்புக் கோடு விழும்.

பிழைதேடி:
செய்தேன், மேஞ்சர் மாட்டியது! ஆனால் 'இட்ஸ்' இரண்டையும் சேர்த்ததில் பக்கமெல்லாம் சிவப்பு.

அரைப்புள்ளி:
விழத்தானே செய்யும்? நீங்கள் எழுதவே வாய்ப்பில்லாத சொற்களுக்குத்தான் அந்த வைத்தியம். 'இட்ஸ்'-ஐ எடுத்துவிடுங்கள். கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடி, அபாஸ்ட்ரபி உள்ள இடத்தில் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்று விரித்துப் படியுங்கள். வாக்கியம் நின்றால் சரி, இல்லையென்றால் அபாஸ்ட்ரபியைத் தூக்குங்கள்.

ஓரக்குறிப்பு:
'லூஸ்' விஷயம் காதில் இருக்கிறது சார். ஒரு ஓ உள்ளது 'இழ', கடைசி ஒலி இசட். இரண்டு ஓ உள்ளது 'தளர்வான', கடைசி ஒலி எஸ். நம்மில் பலர் இரண்டையும் எஸ் என்றே உச்சரிப்பதால் கைக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. 'அட்வைஸ்' கதையும் இதேதான்: பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ், அந்த எஸ்ஸின் ஒலி இசட்.

பிழைதேடி:
அப்போ 'லைசென்ஸ்'? அதற்கு இரண்டு விதமாகவும் திருத்தம் வருகிறது.

ஓரக்குறிப்பு:
அங்கே காது உதவாது, இரண்டுக்கும் ஒரே ஒலி. பிரிட்டிஷில் பெயர்ச்சொல் சி, வினை எஸ். அமெரிக்காவில் இரண்டுக்கும் எஸ். ஆனால் 'பிராக்டிஸ்' என்றால் அமெரிக்கர்கள் இரண்டுக்கும் சி போடுவார்கள், கேட்டால் காரணம் சொல்ல மாட்டார்கள். முதலில் ரிவ்யூ, லாங்குவேஜ் போய் ஆவணம் எந்த ஆங்கிலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். திருத்துபவர் எதில் கேட்கிறாரோ அதையே வையுங்கள்.