புதுப்பிப்பு: லிங்க்ட்இன் பிரீமியத்துக்குப் பணம் கட்டலாமா?

வேலை தேடும்போது லிங்க்ட்இன் பிரீமியம் எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஒரு மாத இலவசக் காலத்தை முழுசாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். பிரீமியத்தில் வேலை தேடுவோருக்கான கேரியர் திட்டத்தில் மாதம் 5 இன்மெயில், அதாவது நம் தொடர்பில் இல்லாதவருக்கும் நேரடியாக அனுப்பும் செய்தி. 90 நாளுக்குள் பதில் வந்தால் அதற்குச் செலவான கிரெடிட் (அனுப்பும் வாய்ப்பு) திரும்பக் கிடைக்கும். அதனால் எச்.ஆருக்குப் பொதுவாக அனுப்புவதைவிட, ஆள் எடுக்கும் டீமின் மேனேஜருக்கே நாலு வரி எழுதுவது மேல். பிரீமியத்தோடு வரும் லிங்க்ட்இன் லேர்னிங் ஆன்லைன் பாடங்கள் உண்மையிலேயே அருமை. புரொஃபைலை யார் பார்த்தார்கள் என்று தெரிவது மனசுக்கு இதம், அவ்வளவுதான்.

எனக்கு இன்டர்வியூ வாங்கிக் கொடுத்தது, லிங்க்ட்இனில் என் கல்லூரிப் பக்கத்தின் அலும்னி (முன்னாள் மாணவர்) பகுதியில் தேடிப் பிடித்த ஒரு சீனியர் அண்ணன். அந்தத் தேடலுக்குக் காசே வேண்டாம். எனவே நான் நீட்டிக்கவில்லை. நீங்கள் முயன்றால் இலவசக் காலம் முடியும் முன்பே ரத்து செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் கார்டிலிருந்து தானாகவே பணம் போகும்.