பி.பி.எஸ். பலகைகளுக்கிடையே செய்திகள் பயணித்த முறை: மாணவர் செயற்றிட்டத்துக்கு விளக்கம் தேவை

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். வலையமைப்புப் பாடத்தின்போது, இணையம் பொதுமக்களின் கைக்கு வருவதற்கு முன்னரே ஆர்வலர்கள் தம் வீட்டுக் கணினிகளைத் தொலைபேசிக் கம்பி வழியாக இணைத்து, ‘பி.பி.எஸ்.’ என்ற அறிவித்தற்பலகைகளை நடத்திச் செய்தி பரிமாறினார்கள் என்று கூறினேன். மாணவர்கள் அதோடு விடவில்லை. அவர்கள் எழுப்பிய கேள்விகளையே இங்கு முன்வைக்கிறேன்.

ஒரு பலகைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு தொலைபேசி இணைப்புத்தான் இருந்தது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதனுள் நுழைய முடிந்தது. அப்படியிருக்க, ஒரு நகரத்துப் பலகையில் ஒருவர் எழுதிய மடல், வேறொரு நகரத்துப் பலகையை மட்டுமே அழைக்கும் இன்னொருவருக்கு எவ்வாறு சென்று சேர்ந்தது? எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்பதை யார் தீர்மானித்தார்? அழைப்புக் கட்டணத்தை யார் செலுத்தினார்?

இதை அறிய விரும்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கொட்டியாரக் குடாவின் மறுகரையில், மூதூரில் உள்ள ஒரு பாடசாலையின் மாணவர்களும் எங்கள் மாணவர்களும் இணையத்தின் துணையின்றித் தமிழில் செய்தி பரிமாறும் ஒரு செயற்றிட்டத்தைத் திட்டமிடுகிறோம். பழைய முறையின் உள்ளமைப்பு விளங்கினால் அதையே பின்பற்றலாம் என்று எண்ணுகிறேன்.

உவர்மலை வாசகர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவர்கள் கேட்டது சரியான கேள்வி. கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடெமைப் பற்றிப் பேசுவோர் பலரும், செய்தி எவ்வாறு வழியறிந்து சென்றது என்பதை விளக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

முதலில் பலகைகள் தனித்தீவுகளாகவே இருந்தன. 1978 பெப்ரவரியில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் சிக்காகோவில் தொடங்கிய ‘சி.பி.பி.எஸ்.’ என்ற முதற்பலகையை அழைப்பவர் அங்குள்ள செய்திகளைப் படித்து, தம் செய்தியை எழுதிவிட்டு இணைப்பைத் துண்டிப்பார்; அடுத்தவர் அழைத்து அதைப் படிப்பார். எழுதப்பட்ட செய்தி அந்த ஒரு கணினியைவிட்டு வெளியே செல்லவில்லை.

பலகைகள் ஒன்றையொன்று தாமாகவே அழைக்கும் வழி 1984இல் பிறந்தது. சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த டொம் ஜெனிங்ஸ், தாம் எழுதிய ‘ஃபைடோ’ என்ற பலகை மென்பொருளில் ஒரு புதிய பகுதியைச் சேர்த்தார். பகல் முழுவதும் அந்தக் கணினி மனிதர்களின் அழைப்புகளை ஏற்கும். பின்னிரவில் குறித்த ஒரு மணி நேரம் மட்டும் மனிதர்களை விலக்கிவிட்டு, அன்று சேர்ந்த மடல்களை ஊர்வாரியாகப் பொதிகளாகக் கட்டி, அந்தந்த ஊரின் பலகைக்குத் தானே தொலைபேசி அழைப்பு எடுத்து ஒப்படைக்கும். மறுமுனையில் இருந்தது பால்டிமோரில் ஜோன் மாடில் நடத்திய பலகை. அமெரிக்காவின் இரு கரைகளிலும் இருந்த இந்த இரண்டு கணினிகளிலிருந்தே ‘ஃபைடோநெட்’ தொடங்கியது.

இதன் உயிர்நாடி இரண்டு பொது உடன்பாடுகளில் இருந்தது என்பது என் கருத்து. மாணவர்களுக்கும் இவற்றையே அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஒன்று, எல்லோருக்கும் பொதுவான அந்த நேரம். கிறீனிச் நேரப்படி காலை 9 மணி என்பது சான் பிரான்சிஸ்கோவில் பின்னிரவு 1 மணி, பால்டிமோரில் அதிகாலை 4 மணி. இன்றைய நம் கணக்கில் பிற்பகல் 2.30. அந்த ஒரு மணி நேரத்தில் வலையமைப்பின் ஒவ்வொரு கணினியும் விழித்திருந்து பிற கணினிகளின் அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டும். தொலைதூரக் கட்டணம் குறைவாக இருக்கும் இரவு நேரமும் அதுவே. ஒரே இணைப்புடைய கணினிகள் ஒன்றையொன்று தவறவிடாமல் சந்திப்பதற்கு இதைவிட எளிய ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

மற்றையது, கணுப்பட்டியல். வலையமைப்பில் இணைந்த ஒவ்வொரு பலகையும் ஒரு கணு. வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு பலகையின் எண், பெயர், ஊர், தொலைபேசி எண், மோடெமின் வேகம் ஆகியவை அடங்கிய ஒரே கோப்பு எல்லாக் கணினிகளிலும் இருந்தது. வாரந்தோறும் அதில் நேர்ந்த மாற்றங்கள் மட்டும் ஒரு சிறு கோப்பாக அனுப்பப்பட, ஒவ்வொரு கணினியும் தன் பிரதியைத் திருத்திக்கொண்டது. நடுவில் ஒரு தலைமைக் கணினி இருந்து வழிகாட்டவில்லை. யாரை எந்த எண்ணில் அழைப்பது என்ற அறிவு ஒவ்வொரு வீட்டு மேசையிலும் முழுமையாக இருந்தது. இணையத்தில் முகவரிகளைத் தேடித் தரும் பெயர்ச் சேவையகங்களை விளக்கும்போது இதை எதிரெதிராக வைத்துக் காட்டலாம்.

பலகைகள் பெருகியபோது, ஒவ்வொன்றும் ஒவ்வொன்றையும் நேரே அழைப்பது செலவு மிக்கதாயிற்று. ஆகவே 1985இன் நடுப்பகுதியில் முகவரி இரண்டு பகுதிகளாக்கப்பட்டது: வலை எண், கணு எண். ஒரு நகரத்துக்குரிய மடல்கள் அனைத்தும் அந்நகரின் புரவலர் கணினிக்கு ஒரே தொலைதூர அழைப்பில் ஒப்படைக்கப்படும். அக்கணினி உள்ளூர் அழைப்புகள் மூலம் அவற்றைப் பகிர்ந்தளிக்கும். நம் ஊர்த் தபால் ஒன்றாகக் கட்டப்பட்டுக் கொழும்பிலிருந்து வந்து, இங்கு தெருவாரியாகப் பிரிக்கப்படுவதைப் போன்றதே இது. பின்னர் கண்டங்களைக் குறிக்கும் வலய எண் முன்னாலும், ஒரு பலகையின் கீழ் இயங்கும் தனியாளைக் குறிக்கும் புள்ளி எண் பின்னாலும் சேர்க்கப்பட்டன. அன்று வட அமெரிக்கா முதலாம் வலயமாகவும், ஐரோப்பா இரண்டாம் வலயமாகவும், ஆசியா ஆறாம் வலயமாகவும் இருந்தன.

கட்டணத்தைப் பொறுத்தவரை, பலகை நடத்துநரே தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்தினார். 300 பிற்று வேக மோடெம் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகளையே அனுப்பியது. 100 கிலோபைற் மடல்களுக்கு அது ஒரு மணி நேரம் எடுக்கும். 2400 பிற்று வேகத்தில் அது ஏறத்தாழ 7 நிமிடமாகச் சுருங்கியது. அனுப்புவதற்கு முன் பொதிகளைச் சுருக்கிக் கட்டும் வழக்கமும் செலவைக் குறைக்கவே வந்தது.

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. பொது நேரமும் கணுப்பட்டியலும் நன்கு விளங்கின. ஆனால் நீங்கள் கூறியது ஒருவர் இன்னொருவருக்கு எழுதும் தனிமடலைப் பற்றியது. எல்லோரும் படிக்கும் பொது உரையாடல்களும் பலகைகளுக்கிடையே பரவின என்று அறிகிறேன். ஒரே செய்தி நூற்றுக்கணக்கான கணினிகளுக்குப் பிரதி செய்யப்பட்டால், அது முடிவின்றிச் சுற்றிக்கொண்டே இருக்காதா?

டொரொண்டோவில் வாழும் திருமலையார் எழுதியது:

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கு ஃபைடோநெட் பலகைகளைப் பயன்படுத்தியவன் என்ற முறையில் இந்தப் பகுதிக்கு நான் விடை தர முயல்கிறேன்.

பொது உரையாடலுக்கான ‘எக்கோமெயில்’ என்ற முறையை, டல்லாஸ் நகரின் பலகை நடத்துநர்கள் தமக்குள் கலந்துபேசுவதற்காக ஜெஃப் ரஷ் உருவாக்கினார். 1986 அளவில் அது வலையமைப்பெங்கும் பரவி, விரைவிலேயே தனிமடலைவிடப் பன்மடங்கு பெருகியது. அதன் அமைப்பு வியக்கத்தக்க அளவு எளிமையானது. ஒவ்வொரு செய்தியின் தலையிலும் அது எந்த உரையாடற் பகுதிக்குரியது என்ற குறிப்பு ஒரு வரியாக இருக்கும். செய்தியின் அடியில், அதை ஏற்கெனவே பெற்றுவிட்ட கணினிகளின் எண்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒரு கணினி புதிய செய்தியைப் பெற்றதும் அந்த வரிசையைப் படித்து, தன்னோடு இணைந்தவற்றுள் அதில் இடம்பெறாத கணினிகளுக்கு மட்டும் செய்தியைக் கட்டும். அவற்றின் எண்களையும் வரிசையில் சேர்த்தே அனுப்பும். வந்த வழியே செய்தி திரும்பிச் செல்லாமல் தடுத்தது இந்த வரிசைதான்.

ஆயினும் இது முழுப் பாதுகாப்பு அன்று. உங்கள் மாணவர்கள் கரும்பலகையில் நான்கு கணுக்களை வரைந்து பார்க்கட்டும். முதலாவது கணு இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் செய்தியை அனுப்புகிறது. அவை இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் நான்காவதற்கு அனுப்புகின்றன. இரண்டு பிரதிகளின் வரிசையிலும் நான்காவது கணு முன்பு இடம்பெறவில்லை. ஆகவே அதே செய்தி அங்கு இருமுறை வந்து சேர்கிறது. இதைத் தவிர்ப்பதற்கு நடத்துநர்கள் இணைப்புகளை வளையமின்றி, மரத்தின் கிளைகளைப் போல அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. யாராவது கேட்காமல் ஒரு குறுக்கு இணைப்பை ஏற்படுத்தினால் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான இரட்டைப் பிரதிகள் பாய்ந்துவரும். அவற்றைக் கொண்டுவந்த அழைப்புக்கான பணம் யாரோ ஒருவரின் சட்டைப்பையிலிருந்து போகும். பின்னர் ஒவ்வொரு செய்திக்கும், அதை எழுதிய கணுவின் முகவரியும் மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் வராத ஒரு தொடரெண்ணும் கொண்ட மறைவரி சேர்க்கப்பட்டது. பெறும் கணினி அவ்வெண்ணை நினைவில் வைத்து இரட்டைகளை நீக்கியது. உங்கள் செயற்றிட்டத்தில் இதனை முதல் நாளிலிருந்தே சேர்த்துவிடுங்கள்.

இந்த ஒழுங்கைக் காத்தது மென்பொருள் மட்டுமன்று. 1989இன் ஃபைடோநெட் கொள்கை ஆவணம் தன் நீதிநெறியை இரண்டு விதிகளில் அடக்கியது: பிறரை அளவுமீறி எரிச்சலூட்டாதே, நீயும் எளிதில் எரிச்சலடையாதே. ஊதியமின்றி உழைத்த நடத்துநர்கள் இந்த அடிப்படையில்தான் 30,000க்கும் மேற்பட்ட கணுக்களை, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஒரே பட்டியலில் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நான் இன்றும் நன்றியுடையவன்.

ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். உள்ளூர் அழைப்புக்குத் தனிக் கட்டணமில்லாத வட அமெரிக்காவில் இப்பொழுதுபோக்கு செழித்ததில் வியப்பில்லை. 1990இல் இலங்கையில் நூறு பேருக்கு ஒரு தொலைபேசி இணைப்புக்கூட இருக்கவில்லை. போர்க்காலத் திருமலையின் நிலையை நான் சொல்லத் தேவையில்லை. நம் பிள்ளைகளுக்கு அன்று கிட்டாத ஒன்றை இன்று நீங்கள் கட்டித் தருகிறீர்கள் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

கிண்ணியா நிரலாளர் எழுதியது:

வணக்கம் சகோதரி. மூதூருக்கும் உப்புவெளிக்கும் இடையே தொலைபேசி அழைப்பே தேவையில்லை. ஃபைடோநெட்டின் பொதி என்பது வெறும் கோப்பு. அது மோடெம் வழியாக வந்ததா, பென் டிரைவில் வந்ததா என்பதைப் பெறும் மென்பொருள் பொருட்படுத்துவதில்லை. தினமும் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து பஸ்ஸில் பயணிக்கும் ஆசிரியர் ஒருவர் பொதியைக் கொண்டுசென்றால் போதும். அன்றைய பின்னிரவு மணி நேரத்துக்குப் பதிலாகப் பாடசாலை தொடங்கும் நேரம் உங்கள் பொது நேரமாகும்.

ஆனால் தமிழில் எழுதப்போவதாகச் சொல்கிறீர்கள். அங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது.

ஃபைடோநெட்டின் முதல் தரநிலை ஆங்கில எழுத்துகளை மட்டும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. அதில் 141 என்ற மதிப்புடைய பைற், வரியை மடிப்பதற்கான தற்காலிகக் குறியீடாகக் கொள்ளப்பட்டது. பெறும் மென்பொருள் அதனைப் புறக்கணிக்க வேண்டும் என்பது விதி. ரஷ்ய மொழியினர் இதனால் பெரிதும் துன்பப்பட்டார்கள். எழுத்துகளை எண்களாகச் சேமிக்க அவர்கள் பயன்படுத்திய குறியாக்கத்தில் 141 என்பது அவர்களுடைய ‘ந்’ ஒலிக்குரிய பெரிய எழுத்து. அது செய்திகளிலிருந்து மறைந்துபோனதால், அதே வடிவமுடைய இலத்தீன் எழுத்தை அவ்விடத்தில் தட்டச்சு செய்யப் பழகிக்கொண்டார்கள்.

இப்போது நம் மொழிக்கு வருவோம். யூனிகோட் முறையில் அடிப்படை எழுத்தும், அதோடு சேரும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்-8 என்ற குறியாக்கத்தில் மூன்று பைற்றுகளாகச் சேமிக்கப்படுகிறது. புள்ளியின் மூன்று பைற்றுகள் 224, 175, 141. மூன்றாவதைக் கவனியுங்கள். பழைய விதியை அப்படியே பின்பற்றும் மென்பொருளினூடாக ஒரு தமிழ்ச் செய்தி சென்றால், அதிலுள்ள ஒவ்வொரு மெய்யெழுத்தின் புள்ளியும் உடைந்து, அவ்விடத்தில் பொருளற்ற குறிகள் தோன்றும். உயிர்மெய்கள் யாவும் நலமாக இருக்க, மெய்யெழுத்துகள் மட்டும் சிதைந்த செய்தியைக் கண்டு மாணவர்கள் எழுத்துருவைக் குறைகூறுவார்கள். குறை எழுத்துருவில் இல்லை.

புலங்களின் நீளத்தையும் கவனியுங்கள். அனுப்புநர் பெயருக்கு 36 பைற்றுகளும், தலைப்புக்கு 72 பைற்றுகளும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் கடைசி பைற் முடிவுக்குறிக்குரியது. ‘திருகோணமலை’ என்ற ஒரு சொல்லே 30 பைற்றுகளை எடுத்துக்கொள்ளும். அதன் பின் ஒரேயொரு தமிழ்க் குறியை மட்டும் சேர்க்கலாம். ஆகவே பெயர்ப் புலத்தில் மாணவரின் சுட்டெண்ணை மட்டும் இட்டு, முழுப்பெயரைச் செய்தியின் முதல் வரியில் எழுதச் செய்யுங்கள்.

மாணவர்களே பைத்தனில் நிரல் எழுதுவதாயின் 141ஐ வடிகட்டும் விதியைச் சேர்க்கவே வேண்டாம். குறியாக்கத்தின் பெயரைத் தெரிவிக்கும் மறைவரியை மட்டும் ஒவ்வொரு செய்தியிலும் வையுங்கள். பழைய மென்பொருளையே இயக்கிக் காட்ட விரும்பினால், செயற்றிட்டத்தைத் தொடங்குவதற்கு முன், ‘அம்மா’, ‘மூதூர்’, ‘வணக்கம்’ போன்ற புள்ளியுள்ள சொற்களைக் கொண்ட ஒரு செய்தியை ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு அனுப்பி, இரு கோப்புகளின் பைற் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெற்ற கோப்பில் புள்ளிக்கு ஒன்று வீதம் பைற்றுகள் குறைந்திருந்தால் அந்த மென்பொருள் தமிழுக்கு உதவாது.