மடக்கற மொபிலிட்டி ஸ்கூட்டர், அம்மா ஓட்டவே பயப்படறாங்க, யாராச்சும் பழகினவங்க சொல்லுங்களேன்

மூத்தமகன்:
வணக்கம் எல்லாருக்கும். அம்மாவுக்கு 68 வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. வீட்டுக்குள்ள எப்படியோ நடந்துடுவாங்க, வெளிய நூறு அடி நடந்தா உக்கார இடம் தேடுவாங்க. அதனால மடக்கி கார் டிக்கில வைக்கிற மாதிரி ஒரு மொபிலிட்டி ஸ்கூட்டர் வாங்கினோம், நடக்கக் கஷ்டப்படறவங்க உக்காந்து ஓட்டற பேட்டரி வண்டி, நாலு சக்கரம், லித்தியம் பேட்டரி. வந்து ரெண்டு வாரந்தான் ஆச்சு, அதுக்குள்ள ரெண்டு சம்பவம்.

மொத நாளே இறங்கறப்ப ஹேண்டிலைப் பிடிச்சு எந்திரிச்சாங்க, வண்டி விருட்டுனு பாஞ்சு கதவு நிலைல போய் முட்டிடுச்சு, நல்லவேளை கால் மாட்டல. அடுத்தது போன சனிக்கிழமை. ஒரு கட்டடத்து வாசல்ல சாய்தளம் ஏறறப்ப முன்சக்கரம் ரெண்டும் தரையை விட்டுத் தூக்கிடுச்சு, நான் பின்னாடியே வந்துட்டு இருந்ததால சீட்டோட முதுகைப் பிடிச்சு முன்னாடி தள்ளி அமுக்கிட்டேன். அதுலேர்ந்து "எனக்கு இந்த வண்டியே வேணாம்டா, நான் பாட்டுக்கு வீட்ல கெடக்கறேன்"னு ஒரே பிடிவாதம்.

மேனுவல் இருக்கு, ஆனா பக்கத்துக்குப் பக்கம் ஆபத்து ஆபத்துனு போட்டிருக்கே தவிர எப்படிப் பழகறதுனு ஒரு வரி இல்ல. சாய்தளம் எப்படி ஏறி இறங்கறது, ராத்திரி பூரா சார்ஜ் போடலாமா, அடுத்த மாசம் ஃப்ளைட்ல கொண்டு போகணும் அதுக்கு என்ன செய்யணும், இதெல்லாம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மூணாவதுகால்:
தம்பி, நான் போலியோ கால், இந்த மாதிரி வண்டி ஆறு வருஷமா ஓட்டறேன், இப்ப இருக்கறது ரெண்டாவது. அம்மாவுக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்கறதுதான், எனக்கும் நடந்துச்சு, என் சட்டைக் கை, ஹேண்டில்ல வண்டியை ஓட வைக்கிற லீவர் இருக்குமே, அதுல மாட்டி ஒரு பூத்தொட்டியை உடைச்சிருக்கேன்.

மொதல்ல ஒண்ணு புரியணும். பைக், ஸ்கூட்டி எல்லாம் நிறுத்தணும்னா கை எதையாவது பிடிக்கணும். இந்த வண்டி அதுக்கு நேர் தலைகீழ், இதுல கையை எடுத்தாதான் நிக்கும். லீவரை விட்டதும் மோட்டார் மெதுவாகி நின்னு காந்த பிரேக் தானா விழுந்துடும், பெரும்பாலான வண்டில கையால பிடிக்கிற பிரேக்கே இருக்காது. ஆனா பயந்துட்டா மனுஷன் கை என்ன பண்ணும், கெடைச்சதை இறுக்கிப் பிடிக்கும், இறுக்கினா லீவர் அமுங்கி வண்டி இன்னும் வேகமா போகும். விபத்து முக்காவாசி இங்கதான்.

அதனால ஓட்டக் கத்துக்குடுக்காதீங்க, விடக் கத்துக்குடுங்க. சமமான காலி இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, ஸ்பீடு டயல்ல ஆமை படம் இருக்கும் பாருங்க, அதுல சுத்தமா கொறைச்சு வச்சுட்டு ஓட்டச் சொல்லி, நீங்க பக்கத்துல நடந்துட்டே திடீர்னு "விடுங்க"ம்பீங்க, அவங்க ரெண்டு கையையும் விரிச்சு விடணும். பத்து நாள், தினம் இருபது தடவை. எங்க அக்கா என்னைய இப்படித்தான் பழக்குச்சு, அப்ப சிரிப்பா இருந்துச்சு, ஆனா ஒரு நாள் ஒரு பையன் குறுக்க ஓடியாந்தப்ப யோசிக்கவே இல்ல, கை தானா விரிஞ்சிடுச்சு. விட்ட உடனே ஆணி அடிச்ச மாதிரி நிக்காது, ஒரு ரெண்டு மூணு அடி போய்தான் நிக்கும், அந்த தூரமும் அவங்க கண்ணுக்குப் பழகணும்.

ஏறறப்பவும் இறங்கறப்பவும் சாவி ஆஃப். சீட் திரும்பற மாடலா இருந்தா திருப்பி லாக் விழுந்த 'டக்' சத்தம் கேட்டப்புறம்தான் எந்திரிக்கணும். ஹேண்டிலைப் பிடிச்சுத் தொங்கவே கூடாது, சீட் கைப்பிடியை ஊனி எந்திரிக்கணும், அதுவும் மேல மடங்கற கைப்பிடினா அழுத்தம் நேர் கீழ போற மாதிரி. அம்மாவுக்கு மொத நாள் ஆனது இதுதான், சாவி ஆன்ல இருந்துருக்கும், உள்ளங்கை லீவர் மேல விழுந்திருக்கும்.

திருப்பத்துல வேகத்தைக் கொறைச்சிட்டுதான் திரும்பணும், நாலு சக்கரம்னாலும் சாயும், மூணு சக்கரம் இன்னும் சீக்கிரம் சாயும். சின்ன மேடு வந்தா குறுக்கால ஏத்தாதீங்க, நேரா ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறணும். மடக்கற வண்டிக்கு அடிப்பாகம் ரொம்பத் தாழ்வு, பிளாட்பார ஓரம் எல்லாம் அதுக்கு ஆகாது. லிஃப்ட்ல நேரா உள்ள போய் ரிவர்ஸ்ல வெளிய வரணும், வர்றப்ப யாரையாச்சும் பின்னாடி பாக்கச் சொல்லுங்க. எஸ்கலேட்டர் பக்கமே போகக் கூடாது.

காத்துவாக்கில்:
எங்க மாமாகிட்டயும் ஒண்ணு இருக்கு. எறக்கம் வந்தா பின்னாடி இருக்கற ஃப்ரீவீல் லீவரைத் தூக்கி விட்டுட்டு அப்படியே உருள விட்டுடுவாரு, பேட்டரி மிச்சம்னு சொல்வாரு. ட்ரை பண்ணிப் பாருங்க.

பழையஸ்பேனர்:
மேல சொன்னதை யாரும் ட்ரை பண்ணிடாதீங்க தயவு செஞ்சு. நான் வீல்சேர், ஸ்கூட்டர் எல்லாம் ரிப்பேர் பாக்கறவன். அந்த லீவர் இருக்கறதே ஆள் இல்லாம வண்டியைத் தள்ளிட்டுப் போக. அதை ஃப்ரீவீல்ல போட்டா மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துடும், பிரேக்கும் அதோட போயிடும். எறக்கத்துல மேல ஆள் இருக்கறப்ப போட்டா நிறுத்த எந்த வழியும் இல்ல, கைய விட்டாலும் நிக்காது. மாமாகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க, இத்தனை நாள் தப்பிச்சது அதிர்ஷ்டம். டிக்கிலேர்ந்து எறக்கினதும் மொத வேலையா அந்த லீவர் டிரைவ் பக்கம் இருக்கானு பாருங்க, மடிப்பு பூட்டு சரியா விழுந்திருக்கானும் ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்க.

மூத்தமகன், சாய்தளத்துல சக்கரம் தூக்கினதுக்கு வருவோம். ஏறறப்ப வெயிட் பின்னாடி சாயும். அம்மா பயத்துல சீட்ல நல்லா சாஞ்சு உக்காந்திருப்பாங்க, அன்னைக்குப் பின்னாடி பை ஏதாச்சும் தொங்குச்சா? ஏறறப்ப உடம்பை முன்னாடி கொண்டு வரணும், பை இருந்தா கழட்டி நீங்க தூக்கிக்கணும். நடு வழில நிறுத்தி மறுபடி கெளப்பாதீங்க, அந்த வெட்டுலதான் தூக்கும். ஏத்தம் எறக்கம் ரெண்டுலயும் நேர் கோடு, குறுக்கவோ வளைஞ்சோ போகக் கூடாது. எறங்கறப்ப டயல் ஆமைலயே இருக்கட்டும், சீட்ல நல்லா சாஞ்சு உக்காரணும். உங்க வண்டி எத்தனை டிகிரி வரைக்கும் ஏறும், எத்தனை கிலோ தாங்கும்னு மேனுவல்ல இருக்கும், அந்தக் கிலோல ஆளோட பையும் சேத்தி.

இன்னொண்ணு கேக்கணும், பின் சக்கரத்துக்குப் பின்னாடி தரைக்கு ஒட்டுனாப்ல ரெண்டு சின்ன சக்கரம் இருக்கா? வண்டி மல்லாக்க விழாம இருக்கறதுக்கு.

சார்ஜ் விஷயம். கூட வந்த சார்ஜர் மட்டும் போடுங்க, முனை பொருந்துதேனு லேப்டாப் சார்ஜர் எல்லாம் சொருகிப் பாக்காதீங்க, அப்படி வந்த வண்டி பாத்திருக்கேன். லித்தியத்தை எல்லாரும் தூங்கறப்ப, அதுவும் வாசக்கதவுக்குப் பக்கத்துல வச்சு சார்ஜ் போடறது எனக்குப் பிடிக்காது. ஏதாச்சும் ஆனா வெளிய ஓடற வழியே அதுதான். பகல்ல போடுங்க, மேல துணி மூடாதீங்க, உப்பலா தெரிஞ்சாலோ வாடை வந்தாலோ அதோட நிறுத்திடுங்க. பழைய லெட் ஆசிட் பேட்டரி வச்சிருக்கறவங்களுக்கு வேற கதை, அதைக் காலியா போட்டு வச்சா செத்துடும், ஓட்டின அன்னைக்கே ஃபுல் பண்ணிடணும்.

மீட்டரை நம்பாதீங்க. நிக்கறப்ப எல்லா லைட்டும் எரியும், சமதரைல ஓடிட்டு இருக்கறப்ப காட்டறதுதான் நெஜம். அட்டைப்பெட்டில இத்தனை கிலோமீட்டர்னு போட்டிருக்கறதுல பாதியை மனசுல வச்சுட்டுக் கெளம்புங்க.

பொட்டியோடபோறவ:
ஃப்ளைட்டுக்கு நான் சொல்றேன், அப்பாவோட நாலு தடவை போய்ட்டு வந்தாச்சு. பேட்டரி மேல ஒட்டியிருக்கற லேபிள்ல வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்குங்க, அதான் வாட் ஹவர். 24 வோல்ட் 10 ஆம்பியர் ஹவர்னா 240. கழட்டற லித்தியம் பேட்டரி ஒண்ணுனா 300க்குள்ள இருக்கணும், ரெண்டு பேட்டரி போடற வண்டினா ஒவ்வொண்ணும் 160க்குள்ள. கழட்டின பேட்டரி உங்க கையோட கேபினுக்கு வரணும், செக் இன் லக்கேஜ்ல போடவே கூடாது, முனைல எல்லாம் டேப் ஒட்டி தனித்தனி கவர்ல வைங்க. டிக்கெட் போட்ட உடனே ஏர்லைன்ஸுக்கு சொல்லிடுங்க, சில பேர் இதை விடக் கறாரா கேப்பாங்க. லேபிளைத் தெளிவா ஒரு போட்டோ எடுத்து மொபைல்ல வச்சுக்கங்க. எங்களுக்கு ஒரு தடவை லேபிள் அழிஞ்சு போய் எண்ணே தெரியல, கவுன்டர்ல ஒரு மணி நேரம் நின்னோம், அப்பா கோவத்துல நடந்தே வரேன்னுட்டாரு.

மூத்தமகன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காலைல "விடுங்க" வெளையாட்டு ஆரம்பிச்சாச்சு, அஞ்சாவது தடவை அம்மாவே சிரிச்சுட்டாங்க, இப்ப நான் சொல்றதுக்கு முன்னாடியே விட்டுட்டு என்னைய முறைக்கிறாங்க. பேட்டரி 24க்கு 11.5, அதாவது 276, தப்பிச்சோம்.

ஸ்பேனர் அண்ணா, நீங்க கேட்ட சின்ன சக்கரம் வண்டில இல்ல. அப்புறம் சந்தேகம் வந்து அட்டைப்பெட்டியைக் கொட்டிப் பாத்தேன், ஒரு கவர்ல போல்ட்டோட ரெண்டும் இருக்கு. ஸ்பேர் பார்ட்ஸ்னு நெனச்சு நான்தான் உள்ளயே வச்சிருக்கேன். அன்னைக்குப் பின்னாடி கூடைல பையும் இருந்துச்சு, தண்ணி பாட்டில் மட்டும் மூணு.

பழையஸ்பேனர்:
மாட்டிட்டு போட்டோ போடுங்க. மாட்டற வரைக்கும் சாய்தளம் வேணாம். போல்ட்டைக் கையால திருகிட்டு விட்டுடாதீங்க, ஸ்பேனர் போட்டு முடுக்குங்க, ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவையும் பாத்துடுங்க.