விளையாட்டுப் பண்ணையிலிருந்து உண்மையான கூட்டு விவசாயத்துக்கு எப்படிச் செல்வது?

கேள்வி:
ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணைக் கணினி விளையாட்டில் மூன்று நண்பர்களுடன் ஒரே பண்ணையை நடத்திவருகிறேன். ஒருவர் நீர் ஊற்ற, ஒருவர் கால்நடைகளைக் கவனிக்க, எல்லோரும் படுக்கைக்குச் சென்றால்தான் மறுநாள் விடியும் என்ற அந்த ஏற்பாடு மனத்துக்கு இதமாக இருக்கிறது. இதேபோல் உண்மையான நிலத்தில் சேர்ந்து பயிரிட்டு, தேவைப்படுவோருக்கு உணவளிக்க எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
சமூக ஆதரவு வேளாண்மை என்ற முறையைப் பாருங்கள். உறுப்பினர்கள் பருவத் தொடக்கத்திலேயே பணம் செலுத்தி, பின்னர் வாராவாரம் விளைச்சலில் தம் பங்கைப் பெறுவதால், விதைக்கும் செலவும் மழை பொய்த்தால் வரும் நட்டமும் விவசாயியின் தலையில் மட்டும் விழுவதில்லை. ஜப்பானில் 1970களில் ‘தெய்கெய்’ என்ற பெயரில் வளர்ந்த இத்தகைய முறை, அமெரிக்காவில் 1986 வாக்கில் வேரூன்றியது. பங்குகளில் சிலவற்றை வசதி குறைந்த குடும்பங்களுக்கென ஒதுக்கும் பண்ணைகளும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அதுதான்.

பதில் 2:
முதலில் நீர் ஊற்றும் முறைப்பட்டியலை எழுதிவிடுங்கள். எங்கள் தோட்டத்தில் ‘யாராவது ஊற்றியிருப்பார்கள்’ என்று எல்லோரும் நினைத்ததால், நான்கே நாளில் தக்காளி நாற்றுகள் நுனி கருகித் தலைசாய்ந்தன. அன்று எனக்கு உண்மையிலேயே மனம் வலித்தது.

பதில் 3:
தேவைப்படுவோருக்கென உணவைச் சேகரித்து வழங்கும் உணவு வங்கிக்குக் கொடுப்பதாக இருந்தால், விதைக்கும் முன்பே அவர்களிடம் பேசுங்கள். குளிர்பதன வசதி இல்லாத இடத்தில் கீரை மாலைக்குள் வாடிவிடும். பூசணியோ வாரக்கணக்கில் தாங்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் பூசணியிலிருந்தே தொடங்குகிறோம்.