ஆவரேஜ் வால் டியூப்: 10% கழிக்கணுமா, வேண்டாமா?

யூபெண்ட்: நேத்து வேற இழையில ஒருத்தர் எழுதியிருக்கார்: "ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல 19.05 மிமீ வெளிவிட்டக் கார்பன் ஸ்டீல் டியூபுக்கு 40 பாரில் 0.41 மிமீ சுவர் போதும். 14 கேஜ்ல 2.11 இருக்கு, 10% எதுக்குக் கழிக்கணும்?" படிச்சதும் எரிச்சல்தான் வந்தது. ஆவரேஜ் வால்னு, அதாவது சராசரிச் சுவர் தடிமன்னு, ஆர்டர் போட்டா மில் 10% குறைச்சு 1.90 கொடுத்தாலும் திருப்பி அனுப்ப முடியாது. அந்தக் குறைவைக் கணக்கில் சேர்க்கணும்னு ஏஎஸ்எம்இ அழுத்தக் கலன் கோடோட யூஜி-16 விதி சொல்லுது.

ஷெல்சைடு: எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே கேளுங்க. 40 பார்னா 4 மெகாபாஸ்கல், வெளி ஆரம் 9.525 மிமீ, அனுமதிக்கப்பட்ட தகைவு 92 மெகாபாஸ்கல்: 4 × 9.525 ÷ (92 + 1.6) = 0.41. 1.90 அதுக்கு நாலு மடங்குக்கும் மேல. எங்கே இடிக்குது?

யூபெண்ட்: 40 பாரில் இடிக்காது. அதே டியூபை 180 பாருக்குப் போடுங்க. நேர்ப் பகுதிக்கு 1.73. விட்டத்தைப் போல 1.5 மடங்கு ஆரத்தில் வளைச்சா சுவர் மெலியும்; அதுக்காக ஹீட் எக்ஸ்சேஞ்சர் தயாரிப்பாளர் சங்கமான டெமாவோட வாய்பாடு 1.167 ஆல் பெருக்கச் சொல்லுது, 2.02 ஆயிடும். 2.11 வச்சா பாஸ், 1.90 வச்சா ஃபெயில். 10% கழிக்கணும்.

ரோலர்: தையலில்லா கார்பன் ஸ்டீல் டியூபுக்கான எஸ்ஏ-179 ஸ்பெக்கே மினிமம் வால்தான் சார், சொன்ன தடிமனுக்குக் கீழே வரக்கூடாது. மைனஸ் கிடையாது, பிளஸ் 20%. நீங்க சொல்ற பிளஸ் மைனஸ் 10% எஸ்ஏ-249 மாதிரி வெல்டட் டியூபுக்கு. முதல்ல ஆர்டர்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.

யூபெண்ட்: ஆவரேஜ் வால்னு தலைப்புலயே இருக்கு. படிச்சுட்டு வாங்க. 10%.

ஷெல்சைடு: மினிமம் வால் கேட்டா என்ன ஆகும்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்க. வெளி விட்டம் மாறாது, உள்ளே இறுகும். சுவர் 10% கூடி 2.32 வந்தா உள்விட்டம் 14.83 லிருந்து 14.41. அதே ஓட்டத்துக்கு அழுத்த இழப்பு 15% கூடும். பம்ப் யார் வாங்கித் தருவா?

ரோலர்: 20% கூடி 2.53 வந்தா உள்விட்டம் 13.99. 14.83க்கு எடுத்த எக்ஸ்பாண்டர், அதான் டியூபை உள்ளிருந்து விரிச்சு இறுக்குற கருவி, உள்ளே போறதே சந்தேகம்.

யூபெண்ட்: எக்ஸ்பாண்டர் கதை ஹைட்ரோ டெஸ்ட் இழையிலேயே கேட்டாச்சு. அங்கேயும் ரோலர் கடைசி வரைக்கும் பதில் சொல்லலை.

ரோலர்: சொன்னேன். நீங்க படிக்கலை.

ஷெல்சைடு: டியூபுக்கு அரிப்பு அலவன்ஸே, அதாவது அரிப்புக்குன்னு கூடுதல் தடிமனே, கட்டாயமில்லைன்னு டெமா விட்டுருக்கு. நீங்க 10%க்கு அழறீங்க.

யூபெண்ட்: அதனாலதான் கழிக்கணும்! வருஷம் 0.2 மிமீ அரிச்சா, 40 பார் வளைவில் 2.11 மெலிஞ்சு வந்த 1.81 லிருந்து 0.41 வர 7 வருஷம். 1.90 மெலிஞ்சு வந்த 1.63 லிருந்து 6 தான். அந்த ஒரு வருஷம் உங்க டேட்டாஷீட்ல எங்கே?

ஷெல்சைடு: இப்போ மறுபடி 40 பாரா? 180 எங்கே போச்சு?

யூபெண்ட்: எத்தனை பாரா இருந்தாலும் 10% கழிக்கணும்.